தேங்காய் காணாமல் போன படம்

"மாமா, தேங்காயைக் காணோமே?"

அக்கா மகள் சிலைடை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பினாங்கில் தைப்பூசத்துக்கு முதல் நாள், ரதம் வரும் வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். சாலையோரம் குவிந்து கிடந்த தேங்காய்ச் சில்லுகளையும், நடுவில் சிவப்பு வேட்டியோடு நின்ற ஒருவரையும் அவள் போலராய்டு கேமராவில் எடுத்திருந்தாள். அன்று மாலையே அந்தப் படத்தை நான் பிரித்துக் கழுவி, ஒளி ஊடுருவும் சிலைடாக மாற்றிக் காயப்போட்டேன். காலையில் பார்த்தால் வேட்டியின் சிவப்பு இருக்கிறது, வானத்தின் நீலம் இருக்கிறது, தேங்காய் ஓட்டின் பழுப்பு இருக்கிறது. வெள்ளையாக இருந்த இடத்தில் மட்டும் எதிர்க் கடைவீட்டின் ஓட்டுக்கூரை தெரிகிறது.

நல்ல கேள்வி அது. பதில் தெரிந்துவிட்டால், எந்தப் படம் சிலைடாக நன்றாக வரும், எது சோகை பிடித்தாற்போல் வரும் என்பதும் கூடவே தெரிந்துவிடும். உடனடிப் படம் பிறந்ததே ஒரு பிள்ளை கேட்ட கேள்வியால்தான். 1943-ல் அமெரிக்காவின் சாண்டா ஃபேயில் விடுமுறைக்குப் போயிருந்தபோது, எடுத்த படத்தை ஏன் இப்போதே பார்க்க முடியவில்லை என்று தன் மூன்று வயது மகள் கேட்டாள், அங்கேதான் தொடங்கியது என்று போலராய்டு நிறுவனத்தைத் தொடங்கிய எட்வின் லாண்ட் சொல்லியிருக்கிறார். 1947 பிப்ரவரியில் நியூயார்க்கில் அதைச் செய்தே காட்டிவிட்டார்.

போலராய்டு படத்தை ஓரமாக நறுக்கிப் பார்த்தால் அது ஒற்றைத் தாள் இல்லை என்பது தெரியும். முகப்பில் தெளிவான பிளாஸ்டிக் தாள். அதன் உட்புறம் சாயங்கள் வந்து தங்குவதற்கான மெல்லிய படலம். அடுத்து வெள்ளைப் பசை. அதற்கும் பின்னால் ஒளியை உணரும் வெள்ளி உப்பு அடுக்குகள், கடைசியில் கறுப்பு முதுகு. படத்தின் கீழே அகலமான வெள்ளைப் பட்டை இருக்கிறதே, அதற்குள்தான் பசைப் பை இருக்கிறது. கேமரா படத்தை வெளியே தள்ளும்போது இரண்டு உருளைகள் அந்தப் பையை நசுக்க, பசை படம் முழுக்க ஒரே சீராகப் பரவுகிறது.

சாயங்கள் மூன்றே மூன்று: மஞ்சள், மஜெண்டா, சையான் என்கிற பச்சை கலந்த நீலம். ஒவ்வொரு சாயத்தோடும், படத்தைக் கழுவித் தெளிய வைக்கும் டெவலப்பர் மூலக்கூறு ஒட்டியே இருக்கும். லாண்டின் குழுவில் இருந்த ஹோவர்ட் ரோஜர்ஸ் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய உத்தி இது. 1963-ல் வந்த போலகலர் என்ற வண்ண ஃபிலிமில் முதலில் கடைக்கு வந்தது. ஒளி பட்ட இடத்தில் டெவலப்பர் வெள்ளி உப்போடு வினைபுரிந்து அங்கேயே சிக்கிக்கொள்ளும். அதோடு ஒட்டிய சாயமும் நகராது. ஒளி படாத இடத்தில் சாயம் தடையில்லாமல் பசையைக் கடந்து முகப்புப் படலத்துக்கு ஏறிவிடும். நிழல் விழுந்த இடத்தில் மூன்று சாயமும் ஏறுவதால் கறுப்பு. வேட்டியிலிருந்து வந்த சிவப்பு ஒளி சையானை மட்டும் சிக்கவைத்தது, மஞ்சளும் மஜெண்டாவும் ஏறியதால் சிவப்பு. தேங்காயில் நல்ல வெளிச்சம் பட்டதால் மூன்றும் கீழேயே தங்கிவிட்டன. அந்த இடத்துக்கு எதுவும் வரவில்லை. படத்தில் நாம் தேங்காய் என்று பார்த்த வெள்ளை, சாயத்துக்குப் பின்னால் இருந்த பசையின் வெள்ளை.

பசையை வெள்ளையாக்குவது டைட்டானியம் டை ஆக்சைடு. வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டிலும் இதே பொருள்தான். தனியாக எடுத்தால் அதன் படிகத்துக்கு நிறமே கிடையாது! இதை விளங்கிக்கொள்ள ஐஸ் கச்சாங் கடைக்குப் போனால் போதும். ஐஸ் கட்டி கண்ணாடி போல இருக்கும். அதையே சீவினால் பஞ்சு போல வெளுத்துவிடும். ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். காற்றுக்கும் ஐஸுக்கும் அது வேறு வேறு. அதனால் ஒவ்வொரு துகளின் விளிம்பிலும் ஒளி கொஞ்சம் வளைகிறது, கொஞ்சம் திரும்புகிறது. ஆயிரக்கணக்கான விளிம்புகளில் இப்படி அலைக்கழிந்த ஒளி எல்லாப் பக்கமும் சிதறி வெளியே வருகிறது, நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அப்புறம் சிரப்பை ஊற்றிப் பாருங்கள். ஊறிய இடம் மறுபடி தெளிந்துவிடும், ஏனென்றால் சிரப்பின் எண்ணும் ஐஸின் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. டைட்டானியம் டை ஆக்சைடை அப்படித் தெளிய வைக்க முடியாது. ஐஸின் எண் ஏறக்குறைய 1.31, தண்ணீருக்கு 1.33, ஃபிலிம் அடுக்குகளில் உள்ள ஜெலட்டினுக்கு 1.5. இதற்கோ 2.5-க்கு மேல். எதில் நனைத்தாலும் வெளுப்பாகவே இருக்கும். சிலைடு வேண்டுமென்றால் அதை முழுசாகக் கழுவி எடுப்பது தவிர வேறு வழி இல்லை.

1972-ல் எஸ்எக்ஸ்-70 கேமராவோடு, பிரிக்காமலே பார்க்கக்கூடிய படம் வந்தபோது லாண்டின் குழுவுக்கு இந்த வெள்ளை மட்டும் போதவில்லை. கேமராவை விட்டு வெயிலில் வந்து விழும் படம் உள்ளே இன்னும் விளைந்துகொண்டிருக்கிறது. ஒளி புகுந்தால் கெட்டது. அதனால் பசையில் இன்னொரு சாயத்தையும் சேர்த்தார்கள். நம் ஊர் நோன்யா பலகாரங்களுக்கு நீலம் தரும் சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும் அல்லவா, அந்த இனம். அமிலத்துக்கு எதிரான காரம் மிகுந்த நிலையில் கருத்திருந்து ஒளியை மறைக்கும். படத்துக்குள்ளேயே இருக்கும் ஓர் அமில அடுக்கு மெல்ல மெல்லக் காரத்தைத் தணித்ததும், அந்தக் கருமை நிறமற்றுப் போய்த் திரை விலகும். இவ்வளவும் காகித அட்டை போன்ற ஒன்றுக்குள் நடக்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு வியப்பு குறையவில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் ஒரு படத்தை வீணாக்க வேண்டாம். பளிச்சென்று, வெளிச்சமாக, பார்க்க அழகாக இருந்த படத்தைத் தேர்ந்தெடுத்தேன். சிலைடாக்கியதும் தண்ணீர் கலந்த சாயம் போல வெளிறிவிட்டது. காரணம் எளிய கணக்கு. சிலைடாக்காத படத்தைப் பார்க்கும்போது ஒளி சாயத்தைத் தாண்டி உள்ளே போய், வெள்ளையில் பட்டு, அதே சாயத்தைத் தாண்டித் திரும்பி வருகிறது. இரண்டு தடவை. ஓர் இடத்துச் சாயம் ஒவ்வொரு தடவையும் பத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர நூற்றில் ஒரு பங்குதான் கண்ணுக்கு வரும், நல்ல கறுப்பு. வெள்ளையைக் கழுவிவிட்டால் ஒளி பின்னாலிருந்து ஒரே தடவை தாண்டுகிறது. பத்தில் ஒரு பங்கு அப்படியே வந்துவிடும், அது சாம்பல். கால் பங்கு ஒளி தந்த இடம் இப்போது அரைப் பங்கு தரும். சாயம் ஒரு துளிகூடக் குறையவில்லை. ஒளியின் பயணம் பாதியானதால் படத்தின் அழுத்தமும் பாதியாகிறது.

ஆக, கேமராவில் கருமைப் பக்கமாகப் பொத்தானைத் தள்ளி, சிலைடாக்கும் முன் பார்க்க "ஐயோ, இருட்டாகிவிட்டதே" என்று தோன்றும் படத்தை எடுங்கள். சிலைடுக்கு அதுதான் வேண்டும். தேங்காய்ப் படமும் அப்படி இருட்டாக வந்த படம்தான்.

பினாங்கு வெயிலையும் கவனிக்க வேண்டும். போலராய்டு ஃபிலிம் 13 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரைதான் சரியாக வேலை செய்யும். நம் ஊரில் மதியம் 30-ஐத் தாண்டிவிடுகிறது, படம் மஞ்சளும் சிவப்புமாகச் சாய்ந்துவிடும். ஃபிலிம் பெட்டியைக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறைய விடக் கூடாது. எடுத்த படத்தைக் கவிழ்த்து, வெயில் படாத இடத்தில் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். ஒரு பெட்டியில் எட்டுப் படம்தான். விலையும் கொஞ்சம் இல்லை, ஒவ்வொன்றும் அருமை.

படம் முழுசாகத் தெளிந்த பிறகு அன்றைக்கோ மறுநாளோ பிரித்துவிட வேண்டும். நாள் ஆக ஆகப் பசை காய்ந்து இறுகும், அப்புறம் படமும் சேர்ந்து கிழியும். பசையில் இருந்தது கடுமையான காரம். தணிந்திருந்தாலும் நம்பக் கூடாது: கையுறை கட்டாயம், பிள்ளைகள் பார்க்கட்டும், தொட வேண்டாம். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள்.

நாலு பக்க வெள்ளை ஓரத்தையும் கத்தரியால் வெட்டி எடுங்கள். பசைப் பை இருக்கும் அடிப்பட்டையை முதலில் வெட்டித் தனியே போட்டுவிடுங்கள். ஹேர் டிரையரால் இலேசாகச் சூடு காட்டிவிட்டு, ஒரு மூலையில் நகத்தைக் கொடுத்தால் முகப்பும் முதுகும் பிரியத் தொடங்கும். இங்கே அவசரப்படவே கூடாது. வாழையிலையிலிருந்து பிசுபிசுப்பான அல்வாவைப் பிரிக்கும் வேகம் போதும். 'சர்ர்' என்று ஒரு மெல்லிய சத்தம் வந்துகொண்டே இருக்கும். சத்தம் நின்றால் கையும் நிற்க வேண்டும், கோணத்தை மாற்றிக்கொண்டு மறுபடி இழுக்க வேண்டும். பசையில் கொஞ்சம் கறுப்பு முதுகோடு போய்விடும், மிச்சம் தெளிவான தாளின் உட்புறம் மாவு பூசினாற்போல் நிற்கும்.

அந்தத் தாளைப் பசைப்பக்கம் மேலே இருக்கும்படி தட்டையான தட்டில் வைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். சூடு கூடாது. சூடான தண்ணீரில் சாயப் படலமே தாளைவிட்டுக் கழன்று மிதக்கத் தொடங்கிவிடும். அதை வேண்டுமென்றே செய்து வேறு காகிதத்தில் ஏற்றுகிறவர்கள் உண்டு, நமக்கு இப்போது அது வேண்டாம். மென்மையான ஓவியத் தூரிகையால் ஒரே திசையில் வருடினால், அரிசி களைந்த தண்ணீர் போல வெள்ளை கிளம்பும். தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று நாலு தடவை. ஈரத்தில் அந்தப் படலம் அவ்வளவு மெல்லியது, தூரிகையின் உலோகப் பூண் பட்டால்கூடக் கோடு விழும். இருண்ட மேசைமேல் வைத்துப் பார்த்தால் எங்கே வெள்ளை மிச்சம் என்று தெரியும்.

கழுவியதும் ஓரத்தில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஓர் இரவு பிடிக்கும். நன்றாகக் காயாமல் மூடி வைத்தால் ஜெலட்டினில் பூஞ்சை பிடித்துவிடும். காய்ந்த பின் இரண்டு மெல்லிய கண்ணாடிக்கு நடுவில் வைத்து ஓரத்தை ஒட்டி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு டப்பாவில் போட்டு வையுங்கள். ஜன்னலில் நிரந்தரமாக ஒட்டிவைக்க ஆசை வரும். வெயில் சாயத்தைத் தின்றுவிடும், வேண்டாம்.

ஃபுஜிஃபில்மின் உடனடிப் படமான இன்ஸ்டாக்ஸில் இதைச் செய்யலாமா என்று கேட்பார்கள், இங்கே பலரிடம் இருப்பது அதுதான். இதே முறை அதற்குப் பொருந்தாது. போலராய்டில் ஒளி முகப்பு வழியாக உள்ளே போகிறது. இன்ஸ்டாக்ஸில் ஒளி முதுகு வழியாகப் போகிறது, நாம் முகப்பிலிருந்து பார்க்கிறோம். அதனால் வெளியே வந்ததும் முதுகை மூடுவதற்கு அதன் பசை கறுப்பாக இருக்கிறது. வெள்ளை தொழிற்சாலையிலேயே பூசப்பட்ட தனி அடுக்கு. பசையோடு கழுவிக்கொண்டு போகாது.

அழுத்தம் இன்னும் வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. கேமராவை அசையாமல் வைத்து ஒரே காட்சியை இரண்டு முறை எடுத்து, இரண்டையும் சிலைடாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துங்கள். பத்தில் ஒரு பங்கு, அதில் பத்தில் ஒரு பங்கு: பழைய கறுப்பு திரும்பிவிடும்.

இதையெல்லாம் அக்கா மகளுக்கு வாயால் சொல்லி விளக்கவில்லை. மேசையில் கிடந்த வெள்ளைத் தாளைக் காட்டி, "சிலைடை இதன்மேல் வை" என்றேன். வைத்தாள். ஒளி சாயத்தைத் தாண்டிப் போய்த் தாளில் பட்டுத் திரும்பி வந்தது. நிழல்கள் இறுகின, வேட்டி அடர் சிவப்பானது, சாலையோரம் தேங்காய் மறுபடி குவிந்து கிடந்தது.

சிலைடை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தாள், கூரை. தாள்மேல் வைத்தாள், தேங்காய். மறுபடி ஜன்னல். அப்புறம் மஞ்சள் தாள் இருக்கிறதா என்று கேட்டாள்.