வெளிநாட்டு வேலை விசா: பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால்

"விசா அடிச்சாச்சு, நாளைக்குள்ள ஒன்றரை லட்சம் கட்டணும்." மார்த்தாண்டத்திலோ குளச்சலிலோ ஒரு வீட்டு வாட்ஸாப்பில் இப்படி ஒரு செய்தி வந்தால், அன்று சாயங்காலமே தாலிச்செயின் அடகுக் கடைக்குப் போய்விடும். அது என்ன விசா, அதில் என்ன வேலை எழுதியிருக்கிறது என்று அந்த அவசரத்தில் யாரும் கேட்பதில்லை. ஏமாந்த பிறகு மனு எழுத வருகிறவர்களிடம் நான் முதலில் ரசீதைத்தான் கேட்பேன். பெரும்பாலும் இருக்காது. ஜிபே ஸ்கிரீன்ஷாட் இருக்கும், அதுவும் ஏஜென்டின் மைத்துனர் பெயரில்.

குடிபெயர்வுச் சட்டம் 1983இல் வந்தது. பத்தாம் வகுப்பு தேறாதவர் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். சவூதி, துபாய் இருக்கும் அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா, தாய்லாந்து எல்லாம் அதில் அடக்கம். இந்த அளவு தெரிந்தால் போதும், மற்றதை அதிகாரிகள் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். 'எமிகிரேஷன் செக் ரிக்வயர்டு' என்று அச்சாகியிருந்தால் அது இ.சி.ஆர். பாஸ்போர்ட். எதுவும் இல்லையென்றால், நர்ஸுகளைத் தவிர மற்றவர்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை. இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். பத்தாம் வகுப்பு தேறியிருப்பார், ஐடிஐகூட முடித்திருப்பார். ஆனால் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்த அன்று மதிப்பெண் சான்றிதழை வைக்கவில்லை. 'வேண்டாம், ஆதார் போதும்' என்று ஆன்லைன் சென்டரில் சொல்லியிருப்பார்கள். அரசின் கணக்கில் அவர் படிக்காதவர். விசா வந்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் புது பாஸ்போர்ட்டே எடுக்கவேண்டும். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய். காசு பெரிதில்லை. போலீஸ் விசாரணை முடிந்து புத்தகம் கைக்கு வருவதற்குள் விசாவின் தேதி போய்விடும், பாஸ்போர்ட் எண்ணும் மாறிவிடும். அதனால் வேலை தேடத் தொடங்கும்போதே இதைச் சரி செய்துவிடுங்கள்.

இ.சி.ஆர். என்று தெரிந்ததும் ஏஜென்ட் ஒரு குறுக்குவழி சொல்வார். "விசிட் விசாவுல போ, அங்க போய் மாத்திக்கலாம்." சுற்றிப் பார்க்கப் போகிறவரிடம் இந்த அனுமதியைக் கேட்பதில்லை, அந்த ஓட்டையைத்தான் அவர் விற்கிறார். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அதிகாரி "எதுக்குப் போறீங்க?" என்று கேட்டால் "மாமா வீட்டுக்கு" என்று பொய் சொல்லவேண்டும். தப்பித்து ஏறினால் அங்கே விசா மாறும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. அப்புறம் சம்பளப் பாக்கிக்கும் அடிபட்டதற்கும் கேட்க ஒப்பந்தமே இருக்காது. தாய்லாந்துக்கு 'டேட்டா என்ட்ரி' வேலை என்று டூரிஸ்ட் விசாவில் போன பையன்களை மியான்மருக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடிக் கும்பலில் அடைத்து வைத்த கதை எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் போகிறார்கள்.

அடுத்தது 'ஃப்ரீ விசா'. இந்தப் பெயரில் ஒரு விசாவை எந்த அரசும் கொடுப்பதில்லை. ஒரு அரபியின் பெயரில் வீட்டு டிரைவராகவோ வேலைக்காரராகவோ விசா எடுத்து, வெளியே எங்கு வேண்டுமானாலும் வேலை பார்த்துக்கொள் என்று விடுவதுதான் அது. கஃபீல் எனப்படும் அந்த ஸ்பான்சர் வருடா வருடம் பணம் கேட்பார். கொடுக்காவிட்டால் 'ஓடிப்போனவன்' என்று புகார் எழுதிவிடுவார், அதற்குப் பெயர் ஹுரூப். அன்றிலிருந்து வெளியே தலைகாட்ட முடியாது. விசாவில் அரபியில் இருக்கும் தொழிலின் பெயரை, ஏஜென்டுக்குச் சம்பந்தமில்லாத யாரிடமாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, ஏஜென்ட் நல்லவரா என்று எப்படிப் பார்ப்பது? பேச்சை வைத்து அல்ல. மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் உரிமம் உள்ள ஏஜென்டுகளின் பட்டியல் இருக்கிறது. உரிமம் வாங்க அவர்கள் லட்சக்கணக்கான ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் கட்டியிருக்கவேண்டும். உரிமம் சென்னைக்காரருடையது, நம்மூர்க்காரர் அவருடைய 'சப் ஏஜென்ட்' என்பார்கள். சட்டத்தில் சப் ஏஜென்ட் என்று யாரும் இல்லை. உரிமம் பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடியது 30,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400, அதுவும் ரசீதோடு. 'விசா காசு' என்று தனியாகக் கேட்பது இன்னொரு கூத்து. சவூதியிலும் அமீரகத்திலும் ஆள் எடுக்கும் செலவு முதலாளியுடையது என்று அந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது.

நர்ஸ் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பட்டம் இருக்கிறது, நமக்கு அனுமதி எதற்கு என்று நினைக்கவேண்டாம். அந்த 18 நாடுகளுக்குப் போகும் நர்ஸுகளுக்கு 2015 முதல் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். அரசு அமைப்புகள் வழியாகத்தான் ஆள் எடுக்கவேண்டும், தமிழ்நாட்டுக்கு அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் ஏஜென்டிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்.

கடலுக்குப் போகிறவர்களின் நிலைமை இதைவிட மோசம். நம் மீனவர்கள் நிறையப் பேர் வேலை செய்யும் ஈரான் அந்த 18இல் இல்லை. அனுமதி கேட்பதில்லை என்பது வசதியாகத் தெரியும், ஆனால் அதோடு கட்டாயமாக வரும் காப்பீடும் போய்விடுகிறது. 2020இல் கொரோனா நேரத்தில் படகிலேயே மாதக்கணக்கில் கிடந்தார்கள். நம் கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் போய் ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து 687 பேரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது ஜூலை 1ஆம் தேதிதான்.

ஏமாந்துவிட்டால்? காவல் நிலையத்தில் 'இது கொடுக்கல் வாங்கல், கோர்ட்டுக்குப் போங்க' என்பார்கள். நாகர்கோவிலில் எஸ்.பி. அலுவலகத்தில் கொடுத்தால் மனு அதே காவல் நிலையத்துக்குத் திரும்பி வரும். திங்கட்கிழமை கலெக்டரிடம் கொடுத்தால் மறுபடியும் எஸ்.பி. அலுவலகம். பக்கத்தில் இருக்கிறதே என்று ஒருவரைத் திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். உங்கள் விலாசம் தமிழ்நாடு, சென்னைக்குப் போங்கள் என்றார்கள். எழுநூறு கிலோமீட்டர். அதனால் மனுவை இ-மைகிரேட் தளத்தில் பதிந்து, அந்த எண்ணோடு காவல் நிலையம் போங்கள். மனு ஏற்பு ரசீதோடு நிற்காமல் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். 'மத்திய அரசு அனுமதி இல்லாமல் இந்தச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது' என்று ஒருவர் சொல்வார், அது பாதி உண்மை. ஏமாந்தவரோ, அவருடைய பெற்றோர், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தவர் யாராவதோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை என்று 27ஆம் பிரிவிலேயே இருக்கிறது. உரிமம் இல்லாமல் ஆள் எடுத்தால் இரண்டு வருடம் வரை சிறை, அபராதம் 2,000 ரூபாய் வரை. லட்சத்தில் வாங்குகிறவனுக்கு இரண்டாயிரம்! அதனால் இந்தச் சட்டத்தோடு மோசடிப் பிரிவையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

முறையாகப் போகிறவருக்கு 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடு உண்டு. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் வந்தாலோ 10 லட்சம். ஆனால் அப்படி ஒரு பாலிசி இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. கிளம்பும் முன் பாலிசி, விசா, ஒப்பந்தம், பாஸ்போர்ட், ரசீது எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்து ஒன்றை வீட்டில் கொடுத்துவிடுங்கள். 1800 11 3090 என்ற உதவி எண்ணையும் அதன்மேல் எழுதி வையுங்கள். ஃபோனில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட்டோடு ஃபோனையும் வாங்கி வைத்துக்கொள்ளும் முதலாளிகள் இருக்கிறார்கள்.