பூஜ்யத்துக்குக் காத்திருக்கும் டிம்மர்

விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர், தண்ணீர்க் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுவதுபோல மின்சாரத்தைக் குறைக்கிறது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அது செய்யும் வேலையே வேறு. மங்கலாக எரியும் விளக்கை அது நொடிக்கு 100 தடவை அணைத்து அணைத்துப் போடுகிறது.

50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம் நொடிக்கு 100 முறை திசை மாறும். மாறும் ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் ஒரு கணம் பூஜ்யத்தைத் தொடும். போனிலிருந்து இயக்கும் டிம்மர் மாட்யூலுக்குள் (ஸ்விட்ச் பெட்டிக்குள் பொருத்தும் சிறு கருவி) இருக்கும் சிப் அந்தக் கணத்துக்காகத்தான் காத்திருக்கிறது. பூஜ்யம் வந்ததும் சில மில்லிநொடி பொறுத்து, டிரையாக் என்ற மின்னணு ஸ்விட்சைத் தட்டிவிடும். தட்டியபின் டிரையாக் அடுத்த பூஜ்யம் வரை மின்சாரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அரை அலையின் நீளம் 10 மில்லிநொடி. 5 மில்லிநொடி பொறுத்துத் தட்டினால் அலையில் பாதிதான் விளக்குக்குப் போகும். போனில் நாம் நகர்த்தும் வெளிச்ச அளவு, கடைசியில் இந்தப் பொறுக்கும் நேரமாகத்தான் மாறுகிறது.

போனிலிருந்து மாட்யூலுக்கு அந்தக் கட்டளை இன்று பெரும்பாலும் ரேடியோ அலையில் வருகிறது. வீட்டுக் கருவிகளைத் தள்ளி நின்றே இயக்க 1975இல் ஸ்காட்லாந்தில் உருவான எக்ஸ்10 முறைக்கு ரேடியோ தேவைப்படவில்லை; வீட்டு வயரிங்கே போதும். 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்றை மின்கம்பியிலேயே ஏற்றி அனுப்பினார்கள், அதுவும் அதே பூஜ்யக் கணத்தில். கம்பியில் இரைச்சல் குறைவாக இருக்கும் நேரம் அது. 16 வீட்டுக் குறி, ஒவ்வொன்றுக்கும் 16 கருவிக் குறி, ஆக மொத்தம் 256 முகவரிகள். எவ்வளவு எளிமையான, அழகான யோசனை!

சரி, எல்இடி பல்பு போட்டால் ஏன் மினுக்குகிறது? குண்டு பல்பின் இழை சூடாகவே இருப்பதால் இடையில் மின்சாரம் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. மேலும், டிரையாக் தொடர்ந்து இயங்க ஒரு குறைந்தபட்ச மின்னோட்டம் ஓட வேண்டும். 60 வாட் குண்டு பல்பு அதைத் தாராளமாகக் கொடுத்தது; 8 வாட் எல்இடியால் பல நேரம் முடிவதில்லை, டிரையாக் நடுவிலேயே நின்றுவிடுகிறது. அதனால் புதிய மாட்யூல்கள் பலவற்றில் டிரையாக்குக்குப் பதிலாக டிரான்சிஸ்டர். பூஜ்யத்தில் மெதுவாகத் தொடங்கி, அலையின் பின்பகுதியை வெட்டுவார்கள். பல்பும் டிம்மருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயர். பல வீடுகளின் ஸ்விட்ச் பெட்டிக்குள் அந்த வயர் வருவதில்லை. மாட்யூலோ தான் விழித்திருக்கவே கொஞ்சம் மின்சாரம் கேட்கும். நியூட்ரல் இல்லாவிட்டால் விளக்கின் வழியாகவே அதை எடுத்துக்கொள்ளும். அந்தச் சிறு மின்னோட்டமே எல்இடியை லேசாக ஒளிர வைக்கும், அல்லது அவ்வப்போது பளிச்சிட வைக்கும். அந்த மின்னோட்டத்துக்கு மாற்று வழி கொடுக்கும் பைபாஸ் என்ற சிறு கருவியை விளக்கோடு பக்க இணைப்பாகப் போட்டால் இது பெரும்பாலும் நின்றுவிடும். அதைப் போடும்முன் மெயினை அணைத்துவிடுங்கள். ஆப்பில் விளக்கு அணைந்ததாகக் காட்டினாலும் கம்பியில் மின்சாரம் இருக்கிறது.