ஒரே கத்தி, இரண்டு வடிவக் காயங்கள்

காயத்தைப் பார்த்தே கத்தியின் அகலத்தைச் சொல்லிவிட முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஓரளவு முடியும், ஆனால் விரிந்து கிடக்கும் காயத்தின் அளவை அப்படியே நம்பிவிடக் கூடாது.

கூரிய ஆயுதக் காயங்களில், ஆழத்தைவிட நீளம் மிகுந்தது வெட்டுக்காயம்; நீளத்தைவிட ஆழம் மிகுந்தது குத்துக்காயம். கல்லோ கட்டையோ பட்டுத் தோல் கிழிந்திருந்தால், இரு ஓரங்களுக்கும் இடையே அறுபடாத இழைகள் பாலம்போல நிற்கும். கத்தி அவற்றை மிச்சம் வைப்பதில்லை.

உருண்டையான குத்தூசி ஏற்படுத்திய காயங்கள் வட்டமாக இல்லாமல் நீண்ட பிளவுகளாக இருந்ததை, பிரெஞ்சு அறுவை மருத்துவர் துப்புய்த்ரான் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே கவனித்தார். வியன்னாவின் உடற்கூறியல் அறிஞர் கார்ல் லாங்கர் இதை விடாமல் பின்தொடர்ந்தார். இறந்தோரின் உடல்களில் உருண்டை முனைக் கருவியால் வரிசையாகத் துளையிட்டு, பிளவுகள் நீண்ட திசைகளை இணைத்து, உடல் முழுவதற்கும் கோடுகள் வரைந்து 1861இல் வெளியிட்டார். எனக்கு அலுக்கவே அலுக்காத வரைபடம் அது.

தோலின் உட்படலத்தில் கொலாஜன் என்னும் புரதத்தாலான நார்க்கற்றைகள் இடத்துக்கு இடம் ஒரு திசையைச் சார்ந்து கிடக்கின்றன; லாங்கரின் கோடுகள் பெரும்பாலும் அந்தத் திசையையே காட்டுகின்றன. தோலும் எப்போதும் இழுவிசையிலேயே இருக்கிறது. கத்தி அக்கோட்டின் போக்கிலேயே இறங்கினால், காயம் மெல்லிய கீறலாக ஒடுங்கி நிற்கும். அதே கத்தி குறுக்கே இறங்கினால், அறுபட்ட நார்கள் ஓரங்களை இருபுறமும் இழுக்க, காயம் வாய்பிளந்து, அகலம் கூடி நீளம் குறையும். இரண்டையும் பார்ப்பவர் இரண்டு ஆயுதங்கள் என்றே எண்ணக்கூடும். ஆகவே உடற்கூறாய்வு செய்யும் மருத்துவர், காயத்தை உள்ளபடி அளந்த பின், ஓரங்களைச் சேர்த்து, ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவால் பிடித்து, மறுபடியும் அளக்கிறார். ஒருபக்கக் கூருள்ள கத்தியாக இருந்தால், ஒரு முனை கூராகவும் மறுமுனை மழுங்கியோ மீன்வால்போலப் பிளந்தோ இருப்பதும் அப்போது தெளிவாகத் தெரியவரலாம்.

ஆழமும் ஏமாற்றும். குத்தும் வேகத்தில் வயிறு உள்ளமுங்குவதால், கத்தியின் நீளத்தைவிடக் காயம் ஆழமாகப் போகலாம். எவ்வளவு பலத்துடன் குத்தப்பட்டது என்று நீதிமன்றத்தில் கேட்கும்போதும் நிதானம் வேண்டும். எலும்பு குறுக்கிடாத இடத்தில், முனை கூராக இருந்து தோலைத் தாண்டிவிட்டால், மீதித் தூரத்துக்குப் பெரிய பலம் தேவைப்படுவதில்லை.

விலையுயர்ந்த கருவிகளுக்கு ஒதுக்கும் அக்கறையை, பிணவறைக்கு நல்ல விளக்கும் அளவுகோலும் கேமராவும் வாங்குவதிலும் அரசு காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உயிரோடு வருபவரின் காயத்தையும், சிகிச்சைக்குத் தாமதம் நேராத வகையில், தையல் போடுமுன்னே அளவுகோல் வைத்துப் படமெடுக்க வேண்டும். தைத்தபின் காயத்தின் இரு முனைகளின் வடிவத்தை மீட்க வழியில்லை.