பைக்கை லோடு வண்டியில் ஏற்றினால் ஸ்டாண்டை எடுத்துவிட்டுக் கட்டுங்கள்

இந்த வாரமும் ஒரு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக் பட்டறைக்கு வந்திருக்கிறது. இடது பக்கம் டேங்க் நசுங்கி, கிளட்ச் லீவர் முறிந்து, சைடு ஸ்டாண்ட் பிராக்கெட் சேசிஸோடு சேரும் இடத்திலேயே விரிசல் விட்டிருக்கிறது. பைக் எங்கும் மோதவில்லை. வீடு மாறும்போது குட்டி யானையில் ஏற்றி வந்தார்கள், அவ்வளவுதான். லோடு ஏற்றும் தொட்டியில் கம்பியை வளைத்துக் கொக்கி வைத்து, நாலு பக்கமும் கயிறு இழுத்து, சிரத்தையாகத்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் சைடு ஸ்டாண்ட் போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

எத்தனை முறை சொன்னாலும் இந்தப் பழக்கம் போகமாட்டேன் என்கிறது. "ஸ்டாண்ட் போட்டா ஸ்டெடியா நிக்கும், மேல கயிறும் போட்டாச்சு, அப்புறம் என்ன?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டு வாசலில் அது சரி. ஓடுகிற வண்டியில் தரையே குதிக்கிறது, முன்னே பின்னே இழுக்கிறது. ஸ்டாண்ட் எந்தப் பக்கம் மடங்கும் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். பின்பக்கம். லோடு வண்டி பிரேக் போட்டால் பைக் முன்னால் போகப் பார்க்கும். பைக் முன்னால் நகர்ந்தால் ஸ்டாண்ட் தானாக மடங்கிக்கொள்ளும். சென்டர் ஸ்டாண்டும் இதேதான். தினமும் பைக்கை முன்னால் தள்ளித்தானே அதிலிருந்து இறக்குகிறீர்கள்?

மடங்காமல் நின்றால் இன்னொரு கேடு. கயிற்றை இறுக்க இறுக்க அந்த அழுத்தத்தில் ஒரு பங்கு ஸ்டாண்ட் வழியாக அந்தச் சின்ன பிராக்கெட்டில் போய் உட்காரும். நிறுத்தி வைத்த வண்டியின் சாய்வைத் தாங்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். நூறு கிலோமீட்டருக்குப் பள்ளம் மேடெல்லாம் அடி வாங்க அல்ல. பைக் சாய்ந்தே இருப்பதால் இரண்டு பக்கக் கயிறும் ஒரே அளவில் இறுகாது. ஒரு குழியில் சஸ்பென்ஷன் அமுங்கும்போது கயிறு தளரும், திறந்த கொக்கியாக இருந்தால் கழன்றே விடும். அடுத்த குழியில் பைக் படுத்துவிடும்.

பைக் இரண்டு சக்கரத்தில் நேராக நிற்க வேண்டும். ஸ்டாண்ட் மேலே இருக்க வேண்டும். முன்பக்கம் இரண்டு பெல்ட், கீழ்ப்பக்க ஃபோர்க் டீயில் (இரண்டு ஃபோர்க் குழாயையும் சேர்த்துப் பிடிக்கும் பாகம்) சுற்றி, பக்கத்துக்கு ஒன்றாக முன்னும் வெளியேயும் சாய்வாக, ஏறக்குறைய 45 டிகிரியில் கீழே இழுத்துக் கட்டுங்கள். ஃபோர்க் பாதி அளவு இறங்கும்வரை இறுக்கினால் போதும். ஸ்பிரிங் மேலே தள்ளும், பெல்ட் கீழே இழுக்கும். அந்த இழுபறியில்தான் பைக் ஆடாமல் நிற்கிறது. ராட்செட் (பெல்ட்டை இறுக்கும் பல்சக்கரப் பிடி) கையில் இருக்கிறதே என்று ஃபோர்க்கைக் கடைசிவரை அமுக்கிவிடாதீர்கள். அப்புறம் ஒவ்வொரு குழியின் அடியும் நேராகச் சேசிஸுக்கும், ஹேண்டில் திரும்புகிற பேரிங்கான கோன் செட்டுக்கும் போகும்.

முன் பெல்ட் பைக்கை முன்னால் இழுக்கிறது, சரி. பிரேக் போடும்போது பைக் போவதும் முன்னால்தான். அந்த விசையை வாங்கப்போவது, முன்சக்கரம் முட்டி நிற்கத் தொட்டியில் பொருத்தும் தடுப்பு. வீட்டில் செய்பவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சரக்குக் கட்டும் விதிகளில், முன்பக்கமாகச் சரக்கு எடையில் 80 சதவீத விசையையும் பக்கவாட்டில் 50 சதவீதத்தையும் கட்டு தாங்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. முன்பக்கம் மட்டும் 156 கிலோ விசை! தொட்டித் தகரத்தில் நாலு பொட்டு வெல்டிங் அதற்கு நிற்காது, தகரத்தோடு பிய்த்துக்கொண்டு வரும். தடுப்பானாலும் பெல்ட் மாட்டும் வளையமானாலும் தொட்டிக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டத்தில் போல்ட் போடுங்கள். சட்டம் இல்லாத இடத்தில் அடியில் தடிமனான பிளேட் கொடுத்துப் போல்ட் போடுங்கள்.

தடுப்புக்கு ஆங்கிள் (எல் வடிவ இரும்புச் சட்டம்) போதும். டயர் சரியாக உட்காரும் அகலம் வேண்டும், சக்கர உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது அணைத்துப் பிடிக்க வேண்டும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியென்றால் வெல்டு வைக்கும் முன் சக்கரத்தை உள்ளே விட்டுப் பாருங்கள். டிஸ்க் ஆங்கிளில் உரசினால் வளைந்துவிடும். கொக்கிக்குக் கட்டட வேலையில் மிஞ்சிய முறுக்குக் கம்பியை எடுக்கிறார்கள். வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். அந்தக் கம்பியின் வலு அதைச் சூடாக்கிக் குளிரவைத்த விதத்தில் இருக்கிறது, வெல்டிங் சூட்டில் அது குறைந்துவிடும். முழுதாக மூடிய வளையம் கடையில் கிடைக்கிறது, வாங்கி மாட்டுங்கள். வெல்டிங் வைக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பானால் வெல்டு வைக்கும் இடத்தில் அந்தப் பூச்சை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல் வரலாம்.

நைலான் கயிறு இழுபடும், முடிச்சு தளரும். பழைய ட்யூப்பை நறுக்கிக் கட்டுவது கட்டே இல்லை. ராட்செட் பெல்ட் வாங்குங்கள், லேபிளைப் படித்து வாங்குங்கள். அதில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் பெல்ட் அறுந்துபோகும் எடை. வேலைக்குக் கணக்கில் எடுக்க வேண்டியது அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஓரம் பிய்ந்த பெல்ட்டைத் தூக்கிப் போடுங்கள்.

கண்ணாடி, இண்டிகேட்டர், சைலன்சர், லெக் கார்டு எதிலும் கட்டாதீர்கள். பின்பக்கம் இரண்டு பெல்ட் பின்னோக்கி, பின்சக்கரம் வழுக்காத அளவுக்கு. கியரில் போடுங்கள். பழைய வண்டியானால் பெட்ரோல் டேப்பை மூடுங்கள். கிளம்பி பத்து கிலோமீட்டரில் ஓரம் கட்டி எல்லாப் பெல்ட்டையும் கையால் இழுத்துப் பாருங்கள். முதல் சில கிலோமீட்டரில் எல்லாமே கொஞ்சம் தளரும்.

பைக்கைப் பிடித்துக்கொள்ளப் பின்னால் ஒரு பையனை ஏற்றி உட்கார வைக்கிறீர்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். 156 கிலோவை அவன் எப்படிப் பிடிப்பான்? பைக் சாய்ந்தால் அவன் மேல்தான் சாயும்.

இறக்கும்போது அவசரம் வேண்டாம். லோடு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முதலில் பின் பெல்ட்டுகளைக் கழற்றுங்கள். ஒருவர் ஹேண்டில் பாரை இரண்டு கையாலும் பிடித்த பிறகே முன் பெல்ட்டில் கை வைக்கலாம். ராட்செட்டை மெதுவாக விடுங்கள். அமுங்கியிருந்த ஃபோர்க் ஒரே தள்ளாக மேலே வரும், முகத்தை அதற்கு நேரே வைத்துக்கொண்டு குனியாதீர்கள்.