வயதைக் கேட்காமல் ஹார்மோன் ரிப்போர்ட்டைப் படிக்காதீர்கள்

ஹார்மோன் டெஸ்ட் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் நேராக எண்ணுக்குத்தான் போகும். அது தடித்த எழுத்தில் இருந்துவிட்டால் போச்சு, அன்றைக்குத் தூக்கம் கிடையாது. சேலத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். தினமும் இதைப் பார்க்கிறேன். சர்க்கரை ரிப்போர்ட்டை ஓரளவு அப்படிப் படித்துவிடலாம். ஸ்டீராய்டு ஹார்மோன்களை அப்படிப் படிக்கவே கூடாது. ஆணா பெண்ணா, என்ன வயது, எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள் என்று தெரிந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

ஸ்டீராய்டு என்றதும் பலருக்கு வீசிங்குக்குப் போடும் ஊசி நினைவுக்கு வரும். நம் உடம்பே தயாரிக்கும் ஸ்டீராய்டுகள் வேறு பல உண்டு. எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் ஒன்றுதான்: நாம் ஓயாமல் திட்டும் கொலஸ்ட்ரால். அதில் 27 கார்பன் அணுக்கள். வாலை வெட்டினால் 21. கருப்பையைக் கர்ப்பத்துக்குத் தயார்ப்படுத்தும் புரோஜெஸ்டிரோனும், உடம்பு சிரமப்படும்போது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி கூடுதலாகத் தரும் கார்டிசாலும் இந்த 21 வகை. இன்னும் இரண்டு போனால் 19, டெஸ்டோஸ்டிரோன். மேலும் ஒன்று போனால் 18, ஈஸ்ட்ரடையால். இந்தக் கடைசி வேலையைச் செய்யும் நொதி அரோமடேஸ். ஆக, பெண் ஹார்மோன் என்று நாம் சொல்லும் ஈஸ்ட்ரடையால், ஆண் ஹார்மோன் என்று சொல்லும் டெஸ்டோஸ்டிரோனிலிருந்துதான் வருகிறது. இரு பாலருக்கும் இரண்டும் உண்டு, அளவுதான் வேறு. வளர்ந்த ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்குச் சுமார் 300 முதல் 1000 நானோகிராம். பெண்ணுக்குச் சுமார் 15 முதல் 70.

இந்த வித்தியாசம் பிறந்ததிலிருந்து ஒரே சீராக இருப்பதில்லை. ஆண் குழந்தைக்கு ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் டெஸ்டோஸ்டிரோன் நன்றாகவே ஏறும். ஆறு மாதம் வாக்கில் இறங்கிவிடும். அதன்பின் பருவ வயது வரை பையனுக்கும் பெண்ணுக்கும் பெரிய வேறுபாடே இல்லை. இடையில், ஆறு முதல் எட்டு வயதில், அட்ரீனல் சத்தமில்லாமல் விழித்துக்கொண்டு டிஹெச்இஏ சல்ஃபேட் என்ற ஹார்மோனைச் சுரக்க ஆரம்பிக்கும். பிள்ளையின் வியர்வை வாடை மாறுவது பெரும்பாலும் இதனால்தான். இந்த ஹார்மோன் இருபதுகளில் உச்சத்துக்குப் போய், அப்புறம் வருடா வருடம் குறைந்து, 70, 80 வயதில் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்கோ அதைவிடக் குறைவோதான் மிஞ்சும். வயதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஸ்டீராய்டு வேறில்லை. கார்டிசால் இதற்கு நேர்மாறு: முதுமையிலும் காலை அளவு பெரிதாக மாறாது.

ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் முப்பது, நாற்பது வயதுக்கு மேல் வருடத்துக்கு ஒரு சதவீதம் போல மெதுவாகக் குறையும். பெண்களுக்கு ஈஸ்ட்ரடையால் அப்படியில்லை. மாதவிடாய் நிற்கும் காலத்தில் சடாரென விழும்.

ஒருமுறை அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்கு மார்பில் லேசான வீக்கம். அம்மாவுக்கு மாதவிடாய் நின்று சில வருடம், இரவில் உடம்பு திகுதிகுவென்று எரிகிறது. இருவருக்கும் ஈஸ்ட்ரடையால் எழுதியிருந்தார் டாக்டர். கணவருக்கு மில்லிலிட்டருக்கு 28 பிகோகிராம். அம்மாவுக்கு 10-க்கும் கீழே. "தம்பி, ரெண்டு பேர் ரத்தத்தையும் மாத்தி வெச்சுட்டீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா. "இல்லீங்கம்மா, சரியாத்தான் இருக்கு" என்றேன். உண்மையிலேயே சரிதான். மாதவிடாய் நின்ற பெண்ணைவிட அதே வயது ஆணுக்கு ஈஸ்ட்ரடையால் கூடுதலாக இருப்பது சாதாரணம். அவருடைய டெஸ்டோஸ்டிரோன் இன்னும் அதுவாக மாறிக்கொண்டே இருக்கிறதே.

ஈஸ்ட்ரடையால் ஆணுக்கு வேண்டாத சரக்கும் இல்லை. 1994-ல் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். அவருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவில்லை. ஈஸ்ட்ரோஜனை (ஈஸ்ட்ரடையால் வகை ஹார்மோன்களின் பொதுப்பெயர்) உணரும் ஏற்பி மட்டும் மரபணுப் பிழையால் வேலை செய்யவில்லை. 204 சென்டிமீட்டர் உயரம், அந்த வயதிலும் எலும்பு முனைகள் மூடாமல் வளர்ந்துகொண்டிருந்தார். எலும்போ அடர்த்தியில்லாமல் மெலிந்திருந்தது. ஆணின் எலும்புக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் காவல் என்பதை அவருடைய எக்ஸ்ரேயே சொல்லிவிட்டது. மாதவிடாய் நின்ற அம்மாக்களுக்கு எலும்பு தேய்வதும் இதே கணக்குதான். ஐம்பதைத் தாண்டிய பெண்களின் எலும்பைப் பற்றி வீடுகளில் யாருமே கேட்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அடுத்தது நேரம். கார்டிசால் காலை எட்டு மணி வாக்கில் உச்சம், நள்ளிரவில் அடிமட்டம். டெஸ்டோஸ்டிரோனும், குறிப்பாக இளைஞர்களுக்கு, காலையில்தான் அதிகம். அதனால் இரண்டுக்கும் பத்து மணிக்குள் ரத்தம் கொடுத்துவிடுவது நல்லது. ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடிப்பது உத்தமம். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தி எடுத்துக்கொண்டு இறங்கியவர் உடனே கையை நீட்டினால் கார்டிசால் ஏறியிருக்கும். அரைமணி நேரம் உட்காருங்கள், மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். மாதவிடாய் உள்ள பெண்கள் சுழற்சியின் எத்தனையாவது நாள் என்று சொல்லுங்கள். புரோஜெஸ்டிரோன் கருமுட்டை வெளியான பிறகுதான் ஏறும், முதல் வாரத்தில் பார்த்துக் குறைவு என்று பயப்படுவது வீண். ஸ்டீராய்டு மாத்திரை, கருத்தடை மாத்திரை எதையும் மறைக்காதீர்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். முடி உதிர்வுக்கு பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள். சில மெஷின்களில் அது டெஸ்டோஸ்டிரோனையும் ஈஸ்ட்ரடையாலையும் இருப்பதைவிட அதிகமாகக் காட்டிவிடும்.