மரையாணி: தாழ்ப்பாளும் அல்ல, திருகாணியும் அல்ல

‘மோட்டார் சைக்கிள் தாழ்ப்பாள், 6 மி.மீ., கொட்டையுடன்.’ இணையக் கடை ஒன்றின் தமிழ்ப் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது. புளியங்கொட்டையா, முந்திரிக்கொட்டையா என்று கேட்காதீர்கள். அவர்கள் விற்பது போல்ட்டும் நட்டும். இயந்திரம் செய்த மொழிபெயர்ப்பு, அதற்கு மூளை இல்லை என்று இதை விட்டுவிடலாம். மனிதர்கள் யோசித்து எழுதுவதைத்தான் விட முடியவில்லை. வண்டிக் கையேட்டில் ‘திருகாணியைக் கழற்றி எண்ணெயை வடிக்கவும்’ என்கிறார்கள். தொழிற்பயிற்சிக் குறிப்பில் ‘இன்ஜின் மூடித் திருகாணிகள்’ என்கிறார்கள். போல்ட் என்ற சொல் வரும் இடமெல்லாம் திருகாணி, கண்ணை மூடிக்கொண்டு திருகாணி.

போல்ட் பழைய ஆங்கிலச் சொல். தலை கனத்த குட்டை அம்பு என்பதே அதன் முதற்பொருள். கதவில் பாயும் கம்பியும், வானத்திலிருந்து பாயும் இடியும், இரும்பைக் கோத்துப் பிடிக்கும் தண்டும் பின்னால் அதே பெயரைப் பெற்றன. ஆங்கிலத்துக்கு ஒரே சொல் போதுமாக இருந்தது. நமக்குத் தாழ்ப்பாள் வேறு, இடி வேறு, இந்தத் தண்டு வேறு. பிறப்புக் கதை இவ்வளவு போதும்.

ஒரு முனையில் தலையும், உடலில் சுற்றிச் சுற்றி ஏறும் வரிப்பள்ளமும் கொண்ட உலோகத் தண்டு போல்ட். அந்த வரிப்பள்ளத்துக்குப் பட்டறைத் தமிழில் மரை என்று பெயர். மரை உள்ள ஆணி மரையாணி. இதை எந்தக் குழுவும் உட்கார்ந்து ஆக்கவில்லை. ‘மரை தேய்ந்துவிட்டது’, ‘மரை ஏறவில்லை’ என்று லேத் வேலை செய்பவர்கள் நாள்தோறும் சொல்லும் சொல்லோடு ஆணியைச் சேர்த்தால் கிடைப்பது இது.

திருகாணி மேல் எனக்குப் பகை இல்லை. அது வேறு பொருளின் பெயர். தமிழ் வீடுகளில் திருகாணி என்றதும் தோட்டுக்குப் பின்னால் முடுக்கும் பொடிச் சங்கதிதான் முதலில் நினைவுக்கு வரும். பட்டறையில் கேட்டால் ஸ்டார் தலை ஸ்க்ரூவை எடுத்துக் கொடுப்பார்கள். திருப்புளி பிடித்துத் திருகுவது திருகாணி, ஸ்பேனர் போட்டு முடுக்குவது போல்ட் என்ற பிரிவினை தொழிலாளர்களிடம் தெளிவாக இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டிவிட்டார்கள்.

எதிர்த்தரப்பிடம் ஒரு வாதம் உண்டு, அது லேசானதும் அல்ல. துளைக்குள் நுழைந்து மறுபுறம் நட்டை வாங்குவதுதான் போல்ட். மரை வெட்டிய துளையில் நேரே ஏறுவது ஸ்க்ரூ. பொறியியல் நூல்கள் அப்படித்தான் பிரிக்கின்றன. அப்படியானால் இன்ஜின் மூடியில் ஏறும் அத்தனையும் ஸ்க்ரூதானே, திருகாணி என்பதில் என்ன தவறு என்கிறார்கள். ஆங்கிலக் கடைக்காரர்களே இந்தப் பிரிவினையைப் பொருட்படுத்துவதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதே தண்டைத்தான் நம்பர் பிளேட் பட்டையில் நட்டு போட்டும் மாட்டுகிறோம், இன்ஜின் மூடியில் நேரே ஏற்றியும் மாட்டுகிறோம். புகுந்த வீட்டைப் பொறுத்து அது பெயரை மாற்றிக்கொள்ளுமா? நான் எங்கே மாட்டப்போகிறேன் என்பதை ஜோசியம் பார்த்துக் கடைக்காரர் எடுத்துத் தர வேண்டுமா?

என் முதன்மையான குறை வேறு. திருகாணி என்ற பெயர் செய்கையைச் சொல்கிறது, மரையைச் சொல்லவில்லை. மாற்று போல்ட் வாங்கப் போகிறவனுக்கு மரையே கணக்கு. எம் 6 என்றால் மரையின் வெளிவிட்டம் 6 மி.மீ.; வழக்கமான மரையில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 1 மி.மீ. இடைவெளி. எம் 8-க்கு அது 1.25. எம் 10-க்கு வழக்கம் 1.5, ஆனால் பல மோட்டார் சைக்கிள்களில் இருப்பது 1.25. விட்டம் சரியாக இருந்து இடைவெளி மாறினால் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். இறுகுகிறதே என்று ஸ்பேனரை அழுத்தினால் அலுமினிய மூடியின் மரை பொடியாக உதிர்ந்து வரும். அப்புறம் லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி டேப் அடித்துப் புது மரை வெட்ட வேண்டும், அல்லது ஹெலிகாயில் என்ற மரைச் சுருளை உள்ளே வைக்க வேண்டும். சில ரூபாய்ப் பொருளுக்குச் சில நூறு ரூபாய் வேலை.

மெக்கானிக்குகளையும் இங்கே சும்மா விட முடியாது. ‘பத்தாம் நம்பர் போல்ட்’ என்பார்கள். அந்தப் பத்து, தலைக்குப் போடும் ஸ்பேனரின் எண். அறுகோணத் தலை எம் 6-க்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் என்பது உண்மைதான். ஆனால் ‘எட்டாம் நம்பர்’ என்று கேட்டுப் பாருங்கள். எம் 5-இன் அறுகோணத் தலையும் எட்டு. ஜப்பானிய வழி வண்டிகளில் வரும், காலர் வைத்த சிறுதலை எம் 6-உம் எட்டு. விவரம் தெரிந்த கடைக்காரரோ எட்டு என்றால் எம் 8 என்று எடுத்துக்கொள்வார். எம் 8-க்கும் ஒரே தலை இல்லை. பொதுக்கடையில் கிடைப்பதற்குப் பதின்மூன்று, பல வண்டிகளில் வருவதற்குப் பன்னிரண்டு. தலையை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம் இரும்புக் கடைக்குள்ளும் வந்துவிட்டது.

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். திருவொற்றியூரில் 1955-இல் தொடங்கிய அந்தக் குடும்பத்தின் பழைய வண்டிகளில் பிரிட்டிஷ் அங்குல மரைகள் உண்டு. ஆங்கிலப் பொறியாளர் விட்வொர்த் 1841-இல் முறைப்படுத்திய மரையில் பல்லின் கோணம் 55 பாகை. மெட்ரிக் மரையில் 60. அந்த அளவில் 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. கண்ணுக்கு எம் 8 போலவே இருக்கும். அங்குலத்துக்கு 18 மரை, அதாவது இடைவெளி 1.41 மி.மீ. எம் 8-ஐ ஏற்றினால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியாகிவிட்டது.

இனி எழுத்துச் சண்டை. மரையா, மறையா? இரண்டும் அச்சில் நடமாடுகின்றன. துளைக்குள் மறைந்து நிற்பதால் மறை என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, நம்ப முடியவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போதும் அதற்கு அதுதானே பெயர்? மறை என்றால் வேதம், மறை என்றால் ஒளிவு. மறையாணி என்று எழுதினால் தலை வெளியே தெரியாதபடி அடித்த ஆணி என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். தச்சு வேலையில் அப்படி அடிப்பதும் உண்டு. நான் இடையின ரகரத்தின் பக்கம். மரை என்றால் மானினம் அல்லவா, தாமரைக்கும் மரை என்று பெயர் உண்டே என்று சிலர் மடக்குவார்கள். மான் ஸ்பேனரில் மாட்டப்போவதில்லை, குழப்பம் வராது.

புரி என்று இன்னொரு போட்டிச் சொல் இருக்கிறது. முப்புரி நூல், வலம்புரிச் சங்கு என்பவற்றில் உள்ள அதே முறுக்கு. தமிழ்நாட்டுப் பாடநூலில் திருகு அளவியை, அதாவது ஸ்க்ரூ கேஜைப் படித்தவர்கள் புரிக்கோலையும் புரியிடைத் தூரத்தையும் மனப்பாடம் செய்திருப்பார்கள். எம் 8-க்கு 1.25 என்றேனே, அதுதான் புரியிடைத் தூரம். தேர்வில் மதிப்பெண் வாங்கிய பிறகு அந்தச் சொல்லை ஒருவரும் கடைக்கு எடுத்துச் செல்வதில்லை. அருமையான சொல், துருப்பிடித்துக் கிடக்கிறது.

அப்படியானால் புரியாணி என்றே வைத்துக்கொள்ளலாமே என்பார்கள் தூய்மைவாதிகள். அவர்கள் ஒருமுறை வேலந்தாவளத்தைத் தாண்டிக் கொழிஞ்சாம்பாறைக்கு வர வேண்டும். பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தின் இந்த மூலையில் தமிழும் மலையாளமும் ஒரே கல்லாவில் புழங்குகின்றன. நம் புரி மலையாளத்தில் பிரி. ‘பிரி போயி’ என்று மெக்கானிக் சேட்டன் உதட்டைப் பிதுக்கினால் மரை போய்விட்டது என்று பொருள். நாம் ஒருவனை மரை கழன்றவன் என்றால் அவர்கள் ‘ஒரு பிரி லூஸ்’ என்கிறார்கள். பைத்தியத்தை அளக்க இரண்டு மொழியும் ஒரே பட்டறைக்குத்தான் போயிருக்கின்றன. ஸ்க்ரூவுக்கு மலையாளச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள்: பிரியாணி. தமிழ்ப் பலகை எழுதும் கடைக்காரர் இதை வைத்தால் மதியம் கூட்டம் தாங்காது. மரையாணியிலும் சிறு சிக்கல் உண்டு: மலையாளக் காதுக்கு அது மரத்தாணி போலக் கேட்கும். பசித்தவர்களைத் திருப்பி அனுப்புவதைவிட இது தேவலை. ஆக, பொருளுக்கு மரையாணி, அளவுக்குப் புரியிடைத் தூரம். இரண்டு சொல்லுக்கும் வேலை இருக்கிறது.

நட்டுக்கும் தேடி அலைய வேண்டியதில்லை. திருகாணி ஏறும் சிறு குழலைத் தோட்டு வேலையில் சுரை என்பார்கள். உட்குழிவு என்ற பொருளும் சொல்லிலேயே இருக்கிறது. கொட்டையைத் தேடிப் போனவர்களுக்குப் பக்கத்து நகைப் பட்டறை கண்ணில் படவில்லை.

கடையில் பேச வேண்டிய முறை இது: ‘எம் 8 மரையாணி, புரியிடை ஒன்றேகால், நீளம் முப்பது.’ நீளம் தலைக்கு அடியிலிருந்து நுனிவரை. தலை பள்ளத்தில் அமரும் வகையானால் தலையையும் சேர்த்து. புரியிடையை அளக்கத் தனிக் கருவி இல்லாவிட்டால் பத்து இடைவெளியை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள்: எம் 6-க்கு 10 மி.மீ. வரும், எம் 8-க்கு 12.5.

கடைசியாகத் தலையில் பொறித்திருக்கும் எண். 8.8 என்றால் இழுவலிமை 800 மெகாபாஸ்கல், அதில் பத்தில் எட்டுப் பங்கான 640-இல் தண்டு நிரந்தரமாக நீளத் தொடங்கும். ஆங்கிலத்தில் ‘ஹை டென்சைல்’ எனப்படும் இந்த வகையை ‘உயர் பதற்ற போல்ட்’ என்று மொழிபெயர்த்தவரும் இருக்கிறார். பதற்றம் வாங்கியவனுக்குத்தான், போல்ட்டுக்கு இல்லை. அது இழுவலிமை மிக்க மரையாணி. பிரேக் காலிப்பருக்குக் கழற்றியதில் என்ன எண் இருந்ததோ அதற்குக் குறையாமல் வாங்குங்கள். எண்ணே இல்லாத மொட்டைத் தலையைப் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.