வெயில் அடித்தால் பக்கவாதமா?

போன சித்திரையில் ஒரு பேருந்து நிலையச் சுவரில் பார்த்தேன், 'வெப்ப பக்கவாதத்தைத் தவிர்ப்போம்' என்று கொட்டை எழுத்தில். கூட வந்த அத்தை நின்று படித்துவிட்டு, "ஏம்ப்பா, வெயில்ல நின்னா கை கால் இழுத்துக்குமா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை. அப்புறம் அதே சொல்லைச் செய்தியில் பார்த்தேன், வாட்ஸப்பில் பார்த்தேன், கடைசியில் ஒரு கோழி வளர்ப்புக் குறிப்பிலும் பார்த்துவிட்டேன்.

ஆங்கில மூலச் சொல் 'ஹீட் ஸ்ட்ரோக்'. ஸ்ட்ரோக் என்றால் அடி, அவ்வளவுதான். அடித்துப் போட்டதுபோல ஆள் விழுவதால் மூளை ரத்தக்குழாய் நோய்க்கும் அந்தப் பெயர் வந்தது, வெயிலில் விழுவதற்கும் வந்தது. மொழிபெயர்த்தவர் அகராதியில் ஸ்ட்ரோக்குக்கு எதிரே பக்கவாதத்தைப் பார்த்தார், முன்னால் வெப்பத்தை ஒட்டினார், வேலை முடிந்தது.

பக்கவாதம் என்றால் உடம்பின் ஒரு பக்கம் விழுந்துபோவது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ வருவது. சூட்டில் நடப்பது வேறு. உடலின் உட்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. ஆற்றிக்கொள்ள உடம்பால் முடியவில்லை. ஆள் உளறுகிறார், வலிப்பு வரலாம், நினைவு தப்புகிறது. நேரம் போனால் சிறுநீரகம், கல்லீரல் என்று ஒவ்வொன்றாகக் கைவிடும். 'பக்கவாதம்' என்று படித்தவர் வாய் கோணியிருக்கிறதா, கை தூக்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். இங்கே செய்ய வேண்டியதோ 108-ஐ அழைத்துவிட்டு, நிழலுக்குத் தூக்கிப் போய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுவது.

சரி, 'வெப்பவாதம்' என்று சுருக்கலாமே என்பார்கள். சித்த மருத்துவக் கணக்கில் சூடு பித்தத்தின் பங்கு. அதை அழல் என்றே சொல்வார்கள். வாதம் வளி, அதாவது காற்று. தமிழ் மரபு என்று சொல்லிக்கொண்டு மரபையே குழப்புகிற சொல் இது. 'வெப்பத் தாக்கம்' இன்னும் மோசம். பயிர் வாடுவதும் வெப்பத் தாக்கம், கரன்ட் பில் ஏறுவதும் வெப்பத் தாக்கம். நோய்க்குப் பெயர் வைக்கச் சொன்னால் கட்டுரைக்குத் தலைப்பு தருகிறார்கள்.

அக்கம்பக்கத்து மொழிகளைப் பாருங்கள். தெலுங்கில் 'வடதெப்ப', அனலின் அடி. மலையாளத்தில் 'சூர்யாகாதம்', சூரியனின் அடி. பக்கவாதத்துக்கு 'பக்ஷாகாதம்' என்று தனியாக வைத்திருக்கிறார்கள். நமக்கு 'வெயில் தாக்கிவிட்டது' என்ற பேச்சு ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் தகரக்கூரைக்குக் கீழேயும், பூட்டிய காருக்குள்ளும், கொதிகலன் பக்கத்திலும் வெயிலே படாமல் இது வரும். அதனால் என் ஓட்டு 'வெப்பத்தாக்கு' என்பதற்கு. கேட்க நயமில்லை என்பார்கள். ஹார்ட் அட்டாக்கை 'இதயத் தாக்குதல்' என்று பெயர்க்காமல் 'மாரடைப்பு' என்று வைத்தவர் அகராதியைப் பார்க்கவில்லை, நோயைப் பார்த்தார். அந்தப் பொறுமைதான் இப்போது காணோம்.

கோழிக்கு வருகிறேன். அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மே மாத மதியத்தில் கொட்டகைக்குள் போனால் அலகைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, தொண்டை துடிக்க இளைத்துக்கொண்டிருக்கும். அதற்கும் மேல் சூடானால் சாய்ந்து செத்துப்போகும். கோழிக்குக் கால் முடங்குகிற மேரெக்ஸ் என்று ஒரு நோய் நிஜமாகவே உண்டு. 'வெப்ப பக்கவாதம்' என்று படித்த பண்ணைக்காரர் காலைப் பார்ப்பாரா, அலகைப் பார்ப்பாரா?

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நாளைக்கு ஒருவர் மனுவில் இறப்புக்குக் காரணம் 'வெப்ப பக்கவாதம்' என்று எழுதிக் கொடுத்தால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "பக்கவாதத்துக்கெல்லாம் பணம் கிடையாதேம்மா" என்பார்.